ஹீட்டர் கேட்ட வீடு

ஏசி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது, எந்த மீட்டர் வாங்கலாம் என்றுதான். எதையாவது வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டர் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும். வீட்டுக்காரர் சொல்வாரா, கடைக்காரர் சொல்வாரா, உங்களோடு ஏணி பிடிக்க வந்தவர் சொல்வாரா என்பதுதான் பிரச்சினை. நான் வேலை பார்த்த காலம் முழுவதும் எல்லோரையும் சந்தேகப்பட்டே பிழைத்தவன். "கல்யாண வீட்ல தெளிக்கிற பன்னீரக்கூட இந்தாளு மோந்து பாத்துட்டுதான் உள்ள வருவாரு" என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

அதைக் கெட்ட குணம் என்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் சந்தேகத்தைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டால் இயந்திரம் பக்கத்திலேயே இருந்தும் கோளாறு கண்ணில் படாது. ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது நான் காஞ்சிபுரத்தில் ஒரு ஏசி கடையில் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெறச் சில வருடங்கள்தான் பாக்கி. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு நெசவாளர் வீட்டில் ஹாட் அண்ட் கோல்டு ஏசி மாட்டி ஓட்டிக் காட்டிவிட்டு வரச் சொன்னார் முதலாளி. வெயிலில் குளிரும் குளிரில் சூடும் ஒரே பெட்டியில் தருகிற ஏசி அது. வடக்கே வாங்குவார்கள், நியாயம். நம் ஊரில் மார்கழியில்கூட ஃபேன் போட்டுக்கொண்டு தூங்குகிறோம். இங்கே யாருக்கு ஹீட்டர்?

எனக்கு உடனே மூக்கு வியர்த்தது. வடக்கே விற்காமல் தேங்கிப்போன சரக்கை முதலாளி ஒரு அப்பாவியின் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு செய்தேன். நேராகவே கேட்டும் விட்டேன்.

"யோவ், நான் வேணாம்னுதான் சொன்னேன்யா" என்றார் முதலாளி. "சாதா ஏசி போதும்னா கேக்க மாட்டேங்கிறாரு. சூடு வரணும், அதான் முக்கியம்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. யாரும் திறக்கவில்லை. உள்ளே எதையோ இழுக்கும் சத்தம், அவசரமான கிசுகிசுப்பு, இன்னொரு கதவு சாத்தும் சத்தம் எல்லாம் கேட்டன. நான் நனைந்து முடித்த பிறகு கதவு திறந்தது. முருகேசன் நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். அவருக்குப் பின்னால் அவர் மனைவி சிவகாமி. சற்றுத் தள்ளி, கல்யாண வயதில் அவர்கள் மகள் கயல்விழி.

நெசவாளர் வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாசலிலிருந்து கொல்லைவரை ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். ஏசி மாட்டச் சொன்ன கூடத்தில் ஒரு கட்டில் இல்லை, நாற்காலி இல்லை, டிவி இல்லை. தரை ஈரமாக இருந்தது. வடித்த கஞ்சியின் வாசனை அடித்தது. எதிரெதிர்க் கோடிச் சுவர்களிலும் இடுப்பு உயரத்தில் புதிதாகக் கொக்கிகள் அடித்திருந்தார்கள்.

"இந்த ரூம்ல யாரு படுத்துக்குறது?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல சார். சும்மா... ஈரமா இருக்குதே, அதுக்குதான்" என்றார் முருகேசன். பிறகு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்தப் பக்கம் சார்?"

"ஐயம்பேட்டை."

"ஐயம்பேட்டைல எங்க?"

இந்த இரண்டாவது கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று உங்களில் சிலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு, கொல்லைப்புறமாகப் போய்க் காத்திருந்தவர். நான் தெருப் பெயரைச் சொன்னேன். முருகேசன் "ஓகோ" என்றார். மழையில் என்னை நிறுத்தி வைத்ததற்கும் அந்த "ஓகோ"வுக்கும் நான் அப்போதே முடிச்சுப் போட்டுவிட்டேன். உள்ளுக்குள் கொதித்தது. வாயைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

மாட்டி முடித்து, சூட்டில் ஓட்டினேன். சூட்டில் போட்டதும் காற்று உடனே வராது. உள்ளே இருக்கும் சுருள் சூடாகும்வரை விசிறி காத்திருக்கும். அதைச் சொல்லாமல் வந்துவிட்டால் வீட்டுக்காரர்கள் பயந்து ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். அதனால் பொறுமையாக விளக்கினேன். கொஞ்ச நேரத்தில் நல்ல சூடான காற்று வந்தது. குளிரிலும் ஓட்டிக் காட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. கிளம்பும்போது சிவகாமி ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் சார், காத்து வராம சூடு மட்டும் வராப்பல வெக்க முடியுமா?"

"அடுப்பாம்மா இது? காத்து இல்லாம சூடு எப்படி வரும்?" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

ஒரு வீட்டுக்காரர் விநோதமாக ஏதாவது கேட்டால் சிரிக்காதீர்கள். ஏன் கேட்கிறார் என்று அங்கேயே நின்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால் இந்தக் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

சில நாளில் புகார் வந்தது. ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் சூடு நின்றுவிடுகிறதாம். போனேன். அதே மாதிரி மழையில் காத்திருப்பு, அதே இழுக்கும் சத்தம், பிறகு கதவு. ஓட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. திரும்பி வந்தால் மறுபடியும் புகார். மறுபடியும் போனேன், மறுபடியும் ஓடியது. நான் இருந்தால் ஓடுகிறது, வெளியே காலெடுத்து வைத்தால் நிற்கிறது. யாரோ என் காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று நினைத்தேன்.

கடையில் என்னோடு வேலை செய்த சேகருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான். "கேஸ் கம்மியா இருக்கும்ணே. கொஞ்சம் ஏத்திவுட்டுட்டு வந்துடு, வாய மூடிக்குவாங்க" என்றான். அழுத்தம் பார்த்தேன். சரியாக இருந்தது. சரியாக இருக்கிற இயந்திரத்தில், வாடிக்கையாளரின் வாயை அடைப்பதற்காக கேஸ் ஏற்றக் கூடாது. அப்படி ஏற்றியிருந்தால் இல்லாத கோளாறு ஒன்றை நானே கொண்டுபோய் வைத்திருப்பேன். சேகர் பிறகு வேறு ஒரு யோசனை சொன்னான். "இருட்டு ரூமு, ஈரம், சூடு... காளான் வளக்குறாங்களோ இன்னாவோ."

சிரிப்பு வந்தாலும் அது எனக்குள் தங்கிவிட்டது. அந்தக் கூடத்தில் எதையோ செய்கிறார்கள். நான் வந்ததும் மறைக்கிறார்கள். எல்லோரிடமும் மறைக்கிறார்களா, என்னிடம் மட்டுமா? இதையே நினைத்துக்கொண்டு பைக் ஓட்டி ஒருநாள் ஓரிக்கை போகும் பஸ்ஸில் இடித்துக்கொள்ளப் பார்த்தேன்.

கார்த்திகை பிறந்தும் மழை விடவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது.

"சார், நான் கயல்விழி பேசறேன். கொஞ்சம் உடனே வர முடியுமா? ஏசி நின்னுப்போச்சு சார். சூடே இல்ல."

"நான் வந்தா ஓடும்மா. எப்பவும் அப்படித்தான ஆவுது?" என்றேன் எரிச்சலோடு.

"இந்த வாட்டி ஓடாது சார். இந்த வாட்டி எங்களால எதையும் எடுத்து வெக்க முடியாது" என்றாள். குரல் உடைந்திருந்தது.

தட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன். அவர்கள் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கொக்கிகளில் மாட்டிய கோல்களுக்கு நடுவே, அரக்கு நிறத்தில் பட்டுப் பாவு நீண்டிருந்தது. தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளைப் பாவு என்பார்கள். தறியில் ஏற்றும் முன் கஞ்சி தடவி, இழுத்துக் கட்டிக் காய வைப்பார்கள். விடியற்காலையில் தெருவையே அடைத்துக்கொண்டு அந்த வேலை நடப்பதை நீங்களும் வண்டியை நிறுத்திப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் அதற்குத் தெரு கிடையாது. முருகேசன் தெருவை வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தார். அவர் ஒரு பக்கம், சிவகாமியும் அவருடைய தம்பியும் மறுபக்கம். மூவரும் ஈர இழைகளை விரலால் பிரித்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் நிமிரவில்லை.

மேலே ஏசியைப் பார்த்தேன். காற்று வரும் வாயில் ஒரு வெள்ளை வேட்டியை நான்காக மடித்து, நாடா போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைக் கட்டினால் சூடு வெளியே போக வழியில்லை. உள்ளே சுருள் கொதிக்கும். இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். இத்தனை நாளும் பழைய நூலைக் கட்டி ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். நான் வரும்போதெல்லாம் நூலைச் சுருட்டி, வேட்டியை அவிழ்த்து ஒளித்திருக்கிறார்கள். கோளாறையும் சேர்த்து எடுத்து வைத்துவிட்டுத்தான் எனக்குக் கதவைத் திறந்திருக்கிறார்கள்.

"இதக் கட்டி வெச்சுக்கினு ஓடலன்னு சொன்னீங்களா?" என்று கத்தினேன்.

"கட்டாம?" முருகேசனும் கத்தினார். "காத்து நேரா அடிச்சா இழை ஆடி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். பட்டப் பத்தி உனக்கு இன்னாய்யா தெரியும்?"

"அப்பா, சண்ட அப்புறம் போட்டுக்கலாம்" என்றாள் கயல்விழி. என் பக்கம் திரும்பினாள். "சார், கஞ்சி போட்டு ரொம்ப நேரமாச்சு. இப்படியே பாதி ஈரமா நின்னுச்சுனா இழையெல்லாம் ஒட்டிக்கும். பிரிச்சா அறுந்துடும். இது எனக்குக் கட்டிக்கறதுக்கு சார். முகூர்த்தப் புடவை. அப்பா ஊருக்கெல்லாம் புடவை நெய்ஞ்சு குடுத்தாரு, வீட்டுக்குன்னு நெய்யறது இதான் மொத வாட்டி. இது போச்சுன்னா வேற நூலுக்கு வழியும் இல்ல, நாளும் இல்ல."

பிள்ளைகளே, பதற்றத்தில் முதலில் தோன்றுவதைச் செய்யாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். எனக்கு முதலில் தோன்றியது வேட்டியை அவிழ்த்துவிட்டு முழுச் சூட்டில், முழு வேகத்தில் ஓட்டுவது. எல்லோரும் எதிர்பார்த்ததும் அதுதான். செய்திருந்தால் முருகேசன் பயந்தது நடந்திருக்கும். இழைகள் ஆடிப் பின்னியிருக்கும். ஏசிக்குப் பக்கத்துக் கோடி முறுகலாகவும் மறு கோடி ஈரமாகவும் நின்றிருக்கும். அதோடு, குளிர்நாட்டுக்குச் செய்த சூடு இது. நம் ஊர் மழையில் வெளியே அவ்வளவு குளிர் இல்லை. முழுச் சூட்டில் ஓட்டினால் சீக்கிரமே எல்லை தாண்டி மறுபடியும் நின்றுவிடலாம். இரண்டாவது முறை நின்றால் இந்தப் பெண்ணின் புடவை அவ்வளவுதான்.

அந்த அறைக்குச் சூடு போதவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காற்றை முகர்ந்து பார்த்தேன். துணி துவைக்கிற இடம் மாதிரி இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. தெருவில் காய வைத்தே பழகியவர்கள், காற்றோட்டம் வேண்டும் என்று திறந்துவிட்டு, மழை ஈரத்தை உள்ளே அழைத்து வைத்திருந்தார்கள். வேண்டியது முதலில் ஈரத்தை வெளியேற்றுவது. அதைச் செய்வது குளிர்.

"ஜன்னல், கதவு எல்லாத்தையும் சாத்துங்க" என்றேன்.

"சாத்தினா நூலு எப்படிக் காயும்?" என்றார் முருகேசன். நான் ஏணியில் ஏறினேன். கயல்விழி ஓடிப்போய் ஒவ்வொன்றாகச் சாத்தினாள். வேட்டியை அவிழ்த்தேன். ஃபில்டரில் கஞ்சித் தூளும் பட்டுத் தும்பும் அப்பிக்கிடந்தன. கழற்றித் தட்டிக் கழுவி மாட்டினேன். மின்சாரத்தை நிறுத்திச் சற்றுப் பொறுத்துத் திரும்பக் கொடுத்தேன். காற்றுத் தகடுகளைக் கூரையைப் பார்த்துத் திருப்பினேன். விசிறியை மிக மெதுவாக வைத்தேன். ஈரம் இழுக்கும் குளிரில் போட்டேன். காற்று மேலே போய்ச் சுவரோரமாக இறங்கியது. ஒரு இழைகூட ஆடவில்லை.

முருகேசன் கையை உயர்த்திப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏன்யா, காய வெக்கச் சொன்னா ஐஸு வெக்கிறியா?"

கடைக்காரர்களை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படியே அவர் என்னைப் பார்த்தார். ரிமோட்டுக்குக் கை நீட்டினார். கயல்விழி அதை எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"என் புடவைப்பா. அவரு சொல்றாப்பலயே ஓடட்டும்."

"கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டுப்போனா நான் வேற எதையாவது கட்டிக்கினு போறேன். நீ கொஞ்சம் சும்மா இரு."

அவளுக்கு என்மேல் நம்பிக்கை இருந்தது என்று நான் நினைக்கவில்லை. வேறு வழி இல்லை, அவ்வளவுதான். ஆனால் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நான் நினைத்தது தப்பு என்றால் அந்தப் பெண் கல்யாணத்தன்று எதைக் கட்டினாலும் என்னை நினைத்துக்கொண்டேதான் கட்டுவாள்.

"என்கூட வாங்க" என்று முருகேசனைக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். ஏசியின் தண்ணீர்க் குழாய் அங்கே சுவரோரம் தொங்கியது. "இதப் பாத்துக்கினே இருங்க."

குழாய் காய்ந்து கிடந்தது. இருவரும் கொட்டகைக்கு அடியில் நின்று அதையே பார்த்தோம். மழைச் சத்தம். ஒன்றும் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். கடைசியில் குழாய் வாயில் ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது. இன்னொன்று. பிறகு நூல் மாதிரி நிற்காமல் ஒழுக ஆரம்பித்தது.

"இது மழைத் தண்ணி இல்ல. உள்ள காத்துல இருந்த ஈரம். காத்து காய்ஞ்சா உங்க நூல்ல இருக்கிறத அது இழுத்துக்கும்" என்றேன்.

முருகேசன் உள்ளங்கையில் தண்ணீரைப் பிடித்தார். விரலால் தேய்த்தார். முகர்ந்தும் பார்த்தார். நம் ஜாதி ஆள்தான் இவர், பன்னீரையும் முகர்வார் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. அவர் உள்ளே போய் இழைகளைப் பிரிக்க ஆரம்பித்தார்.

ஈரம் குறைந்த பிறகு சூட்டுக்கு மாற்றினேன். அதுவும் இளஞ்சூடு, மெதுவான காற்று. நடுநடுவே குளிருக்கும் போனேன். பொழுது சாயும் நேரத்தில் சிவகாமி பாவின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓரத்தில் கொஞ்சம் இழைகள் அறுந்திருந்தன. அவற்றை அவர் முடிச்சுப் போட்டுச் சேர்த்துவிட்டார். பிறகு அந்தப் புடவை தறியேறியது, அவள் கல்யாணத்துக்கு அதைத்தான் கட்டினாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். நீங்கள் போய் நிற்கும்போது இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். நீங்கள் இல்லாதபோது அந்த வீட்டில் அதை எப்படி ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டால் சொல்லமாட்டார்கள். சொல்லும்வரை உட்காருங்கள்.

நானும் அன்று உட்கார்ந்தேன். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "எதுக்கும்மா ஒவ்வொரு வாட்டியும் என்னை வெளியில நிறுத்தி வெச்சீங்க?"

சிவகாமி தயங்கினார். "போன வருசம் இவளுக்கு ஒரு எடம் அமைஞ்சுது சார். வீட்டுக்கு நெய்யறோம்னு தெருவுல சொல்லிக்கினு திரிஞ்சோம். எல்லாரும் வந்து நூலப் பாத்தாங்க. தறி ஏறுறதுக்குள்ள அந்த எடம் நின்னுப்போச்சு. நூலையும் வித்துட்டோம். அதான் இந்த வாட்டி யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு..."

"யாரு கண்ணுலயுமா? என் கண்ணுல மட்டுமா?"

"யாரு கண்ணுலயும்தான் சார்."

சொல்லும்போது அவர் கணவரைப் பார்த்த மாதிரி இருந்தது. முருகேசன் கோல்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். பாதி நம்பினேன். மீதிப் பாதிச் சந்தேகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவது என்று பையை மூட ஆரம்பித்தேன்.

அப்போது பாவைச் சுருட்ட வேண்டியிருந்தது. சிவகாமியின் தம்பி ஒரகடத்துக் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போயிருந்தார். மறு கோடியில் கோலை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லை.

"ஒரு கை கொறையுதே" என்றார் சிவகாமி.

முருகேசன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சின்ன வயதிலிருந்து அறிவேன். என் அப்பாவின் கைகளை அப்படிப் பார்த்தவர்களையும் அறிவேன். என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு பையைத் தோளில் மாட்டினேன்.

"கையெல்லாம் எண்ணெ இருக்குது சார், பட்டுல பட்டா போவாது" என்றார். "கொல்லைல சோப்பு இருக்குது. கழுவிக்கினு வந்து இந்தக் கோலப் புடிங்க."

அவர் முகத்தில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். தேடுவதில் நான் கெட்டிக்காரன் என்று உங்களுக்குத் தெரியும். எண்ணெயைப் பற்றிய கவலையைத் தவிர அங்கே எதுவும் கிடைக்கவில்லை. கொல்லைக்குப் போய்க் கையைக் கழுவினேன். போதாது என்று தோன்றி மறுபடியும் கழுவினேன். வந்து கோலைப் பிடித்தேன்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க சார்" என்றார் முருகேசன். "இழுத்துப் புடிங்க. ஆங், அப்படித்தான்."